மான் கொம்புக்கு மார்க்

வேலை தேடி ரெம்பியாவிலிருந்து மலாக்காவுக்குப் பஸ்ஸில் போனேன். முன் சீட்டுக்காரர் மடியிலிருந்த கோணிச்சாக்கில் மான் கொம்பு நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவர் மனைவியின் அண்ணன்.

“வில்லால அடிச்ச மானுக்கு வெள்ளைக்காரன் ரெக்கார்டு புக் வச்சிருக்கான் மச்சான். கொம்பை அளந்து மார்க் போட்டு, அடிச்சவன் பேரை எழுதுவான். என் பேரு வந்தே ஆகணும்.”

“மண்டை ஓடு பிளந்திருந்தா சேத்துக்க மாட்டானாமே?”

“உன் தங்கச்சிதான் மூளை வறுக்கப் பிளந்துட்டா. நீயும்தானே தின்ன?”

“அப்ப பேரு போச்சா?”

“போகாது லா. சிமெண்டு வச்சு ஒட்டிட்டேன்.”

“ரெண்டு கொம்புக்கும் நடுவுல அளப்பானே?”

“அகலம் கூடினா மார்க்கும் கூடும். அதான் ஒரு சாண் தள்ளி ஒட்டியிருக்கேன்.”

மச்சான் சாக்கை விலக்கிப் பார்த்தார்.

“மச்சான், இது இப்ப எருமை லா.”