துணை மேலாளர் ஓக்

— சத்தியமா சொல்றேன் ஹே-ரி அம்மா, இதுல ஒரு எழுத்து பொய்யின்னா இந்தப் பூண்டு என் தொண்டையிலயே சிக்கட்டும். துணை மேலாளர் ஓக்னு ஒரு பொம்பள இந்த உலகத்துலயே கிடையாது.

— அப்போ உங்க கம்ப்யூட்டர்ல, வேலையைச் சீட்டு சீட்டா எழுதி வைக்கிற அந்தப் பலகையில, ஒவ்வொரு சீட்டுலயும் அவ பேரு எதுக்கு? என் பெட்டி வாசல்ல இருக்கு, ஹே-ரி அப்பா. இந்தப் பூண்டு உரிச்சு முடியறதுக்குள்ள நான் நம்பணும். இல்லன்னா பூசான் ரயிலு, மக வீடு. கிம்ச்சி ஊறுகாயை நீங்களே போட்டுக்குங்க.

— இரு, சொல்றேன். நான் ஒத்த ஆளா வீட்டுல உக்காந்து ரைஸ் குக்கர் கம்பெனிக்குக் கையேடு மொழிபெயர்க்கிறவன். மொத நாளே அந்தக் கம்பெனிக்காரன் ஃபோன் போட்டு, "உங்க துணை மேலாளர்கிட்ட குடுங்க"ன்னான். தலைவர் நானே ஃபோன் எடுத்தா எவன் மதிப்பான்? பலகையில 'பொறுப்பு'ன்னு ஒரு கட்டம் காலியாக் கெடந்துச்சு. ஓக்னு போட்டேன்.

— ஆம்பளப் பேரு கிடைக்கலையாக்கும்.

— தாக்னு ஒரு மேலாளரைத்தான் மொதல்ல போட்டேன். சுத்த சோம்பேறி. ஒரு சீட்டுகூட நகரல. வேலையை விட்டுத் தூக்கிட்டேன்.

— இல்லாத ஆளையா?

— பிரிவு உபசாரம் நடத்தித்தான் அனுப்பினேன். ஓக் அப்படியில்ல. அவ பேர்ல போட்ட சீட்டு, நாள் தவறாம 'முடிஞ்சது' பக்கம் போயிடும். ரொம்பக் கண்டிப்பு. எனக்கே பயம்.

— எங்கம்மாவோட எண்பதாம் பொறந்த நாளுக்கு லீவு இல்லன்னீங்களே?

— கேட்டுப் பாத்தேன். ஓக் மறுத்துட்டா.

— ஓஹோ. போன வெள்ளிக்கிழமைச் சீட்டு: "கம்பெனி விருந்து, மாபோ கடைத்தெரு, பன்றிக்கறி, ரெண்டு பேர்." அந்த ரெண்டாவது ஆள் யாரு?

— மேசையிலயே கறி சுட்டுத் திங்கிற கடையில ஒத்த ஆளுக்கு அடுப்பு மூட்டுவானா, நீயே சொல்லு. ரெண்டு பங்குக்குக் கொறஞ்சா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவான். அதான் ரெண்டு பேர். ரெண்டு பங்கையும் நானே தின்னேன். மரியாதைக்கு ஓக்குக்கு ஒரு கோப்பை சோஜு ஊத்தினேன். அவ தொடல. அதையும் நானே குடிச்சேன்.

— சரி, நான் பலகையைப் பத்திக் கேட்டதும் ஃபோனைத் தூக்கிக்கிட்டுக் கால்மணி நேரம் கக்கூஸ்ல என்ன பண்ணீங்க?

— வயிறு. ரெண்டு பங்கு கறியாச்சே.

— வெள்ளிக்கிழமை தின்ன கறி, செவ்வாய்க்கிழமையா?

— வயசாச்சில்ல. இப்பல்லாம் உள்ள எல்லாமே மெதுவாத்தான் நடக்குது.

— சிரிக்க வைக்காதீங்க, எனக்குக் கோவம் போயிடும்.

— பூண்டும் முடிஞ்சுது பாரு.

— ம்... இப்படி ஒரு கிறுக்குத்தனத்தை உங்களைத் தவிர யாரும் செய்ய மாட்டாங்க. அதனாலயே நம்பித் தொலைக்கிறேன். பெட்டியை உள்ள எடுத்து வைங்க.

— இதோ. என்ன சத்தம் அது, கம்ப்யூட்டரா?

— நீங்க கையைக் கழுவுங்க, நான் பாக்கறேன்... ஹே-ரி அப்பா. உங்க ரெண்டு கையிலயும் பூண்டு. பலகையில இப்பத்தான் ஒரு குறிப்பு வந்திருக்கு. ஓக் எழுதியிருக்கா: "தலைவரே, வீட்டம்மா நம்பிட்டாங்களா?"