சிவப்பு வளையம் போட்ட செடிகள்

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் சாமுவேல் ஐயா அவர்களே, ஜெபமணி டீச்சரின் மகள் சாரா அம்மணி அவர்களே, டீச்சரிடம் படித்தவர்களே, படிக்காமலே என்னைப் போல அவருக்குப் பின்னால் நடந்தவர்களே, எல்லோருக்கும் வணக்கமுங்க. நான் சென்னகிருஷ்ணன். மரம் வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தவன். எழுத்து தெரியாது. முழங்காலும் ஒத்துழைக்கவில்லை. மறைந்த டீச்சரைப் பற்றிக் கொஞ்சம்தான் பேசுவேன்.

பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே சபைக்குச் சொந்தமான தைலமரக் காட்டை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதற்குள் தைலமரம் தவிர என்ன இருக்கிறது என்று யார் குனிந்து பார்த்தோம்? டீச்சர் பார்த்தார். உசிலை, வெட்பாலை, குருந்து, காரை, விராலி என்று அந்த மண்ணின் பழைய செடிகள் நிழலுக்குள் திரும்ப முளைத்து வந்ததை டீச்சர்தான் பார்த்தார்.

பதினோரு வருடத்துக்கு முன்பு, ஆடி இரண்டாம் வெள்ளி, அந்தக் காட்டை வெட்டப் போனேன். தைலமரத்தை மட்டும் வெட்டுவதாகப் பேச்சு. சின்னச் செடிகளை விட்டுச் சுற்றிப் போவதுதான் எங்கள் வழக்கம். ஆனால் இடுப்பளவுச் செடிகளில் சிவப்புப் பெயிண்டில் வளையம் இருந்தது. எங்கள் தொழிலில் சிவப்பு என்றால் வெட்டு. இதையும் வெட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். மதியத்துக்குள் நாற்பத்தாறு செடிகளைச் சாய்த்துவிட்டோம்.

டீச்சர் வந்தார். திட்டவில்லை. ஒரு தைலமரக் கட்டையில் உட்கார்ந்தார்.

“ஏனுங்க மேஸ்திரி, வெட்டிப்போடாதீங்கன்னு சொல்லத்தானுங்க சிவப்படிச்சேன்.”

“எங்களுக்குச் சிவப்புன்னா வெட்டுங்க டீச்சர்.”

சாய்ந்து கிடந்த ஒரு செடியின் வளையத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “உங்களைக் கேட்டுப்போட்டு அடிச்சிருக்கோணும். கேக்காதது எம்மேல தப்புங்க.”

அரிவாள் பிடித்தவனிடம் இப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? எனக்கு வந்திருக்காது.

எந்தச் செடி எங்கே நின்றது என்று கேட்டார். நாற்பத்தாறையும் நடந்து காட்டினேன், நோட்டில் எழுதிக்கொண்டார். அதன்பின் மாதம் ஒரு நடை. நான் சொல்ல, அவர் எழுத. முப்பத்தொன்று அடிக்கட்டையிலிருந்து துளிர்த்தன. பதினைந்து வரவேயில்லை. வராத இடத்திலும் நின்றுவிட்டுத்தான் போவார். “சலிப்பா இருக்குதுங்க மேஸ்திரி” என்பார். சொல்லிக்கொண்டே அடுத்த செடிக்கு நடப்பார். அந்தச் சலிப்புக்குப் பின்னாலேயே பதினோரு வருடம் நடந்தேன். இன்று உசிலை என் தலைக்கு மேல் நிற்கிறது.

சொல்ல வேண்டியது இன்னொன்று இருக்கிறது. டீச்சர் போய் ஒன்பது நாள். வருகிற திங்கட்கிழமை அந்தக் காட்டுக்கு மறுபடி வெட்டு. தாராபுரம் பக்கத்து ஆட்கள். படுக்கையில் டீச்சர் என்னிடம் கடைசியாகக் கேட்டது, “அடையாளம் போட்டாச்சுங்களா?” என்றுதான். “ஆச்சுங்க” என்றேன். போடவில்லை. இன்றுவரை போடவில்லை. உடம்பு முடியாதவரிடம் வேறென்ன சொல்வது?

அந்தப் பொய்யோடு இந்த மேடையில் நிற்கிறேன். அவர் ஆத்துமா இளைப்பாறட்டும் என்று நீங்கள் ஜெபியுங்கள். எனக்கு இளைப்பாற நாள் இல்லை. நோட்டு சாரா அம்மணியிடமே இருக்கட்டும். செடிகள் நிற்கும் இடம் எனக்குத் தெரியும். வெட்டும் ஆட்கள் நாளை வந்து கொட்டகை போடுகிறார்கள். முதலில் அவர்களிடம் போவேன். உங்களுக்கு எந்த வண்ணம் என்றால் வெட்டு, எந்த வண்ணம் என்றால் விடு என்று கேட்பேன்.

கேட்ட பிறகுதான் பெயிண்ட் டப்பாவைத் திறப்பேன்.