ஆற்றடிக் குரல்

கரியமாணிக்கம்: ...மொழிபெயர்க்கிறவங்க பேச்சை மாத்தச் சொல்லக் கூடாது, மாதலேன். நா மேடையில பேசுறத நீங்க வியட்நாமீஸ்ல சொன்னாப் போதும்.

மாதலேன்: சொல்றேன் புரொபசர். ஒரு வரிதான் வாயில வர மாட்டேங்குது. ‘எங்க கணிப்புதான் அந்தக் கிராமத்தைக் காப்பாத்துச்சு’ன்னு எழுதியிருக்கீங்களே...

கரியமாணிக்கம்: எங்க யூனிவர்சிட்டி, ஒங்க சைகோன் யூனிவர்சிட்டி, புனோம் பென்காரங்க... மூணு பேரும் இன்னிக்குக் கையெழுத்துப் போடுறதே அந்த வரிய நம்பித்தேன். மீகாங் கரையோர ஊருக்கெல்லாம் இதே ஏற்பாடு வரப்போகுது.

மாதலேன்: வரட்டும், நல்லது. ஆனா கரை சரியப் போகுதுன்னு நீங்க போன் பண்ணின அன்னிக்கு, எங்க யூனிவர்சிட்டிப் பிள்ளைங்க அளந்த எதுலயும் ஒண்ணும் தெரியலை. அந்த ரிப்போர்ட்டை இங்கிலீஷ்ல ஆக்கி அனுப்புனதே நான்தான்.

கரியமாணிக்கம்: ...காபி ஆறுது, குடிங்க.

மாதலேன்: ஐஸ் போட்ட காபி சார் இது.

கரியமாணிக்கம்: சொன்னா சிரிப்பீங்க.

மாதலேன்: சிரிக்கிற மூஞ்சியா இது?

கரியமாணிக்கம்: திருட்டு மணல் அள்ளுற படகைக் கண்டுபிடிக்க ஆத்துக்கடியில மைக் வச்சிருக்கோம்ல... அதுல பதியிறது நேரா எனக்குத்தேன் வரும். அன்னிக்குக் கேட்டுக்கிட்டு இருந்தேன். மோட்டார் சத்தம், மண்ணு உருள்ற சத்தம்... அதுக்குள்ள ஒரு சின்னப்புள்ள குரல். தமிழ்ல.

மாதலேன்: தமிழ்லயா...

கரியமாணிக்கம்: அந்த ஊர்ல தமிழ் தெரிஞ்சவுக ஒருத்தர் கிடையாது. யாரோ வெளையாடுறாகன்னு திரும்பப் போட்டுக் கேட்டேன். கரையில நின்னு பேசுற சத்தம் இல்ல. தண்ணிக்கு அடியில இருந்து, மைக்குக்குப் பக்கத்துல...

மாதலேன்: என்ன சொல்லுச்சு?

கரியமாணிக்கம்: ‘கரை சரியுது, இஞ்ச வந்துடுங்க பப்பா.’

மாதலேன்: இந்த டோங் டு தெருவுல பைக் சத்தம்... இன்னொரு தரம் சொல்லுங்க.

கரியமாணிக்கம்: ‘இஞ்ச வந்துடுங்க பப்பா.’ திரும்பத் திரும்ப இதேதான். ஒடனே ஊரைக் காலி பண்ணச் சொன்னேன். காரணம் கேட்டாக, கம்ப்யூட்டர் கணக்குன்னுட்டேன். மறுநாள் ஒரு வரிசை வீடு அப்படியே ஆத்துக்குள்ள போயிருச்சு. ஆளுக தப்பிச்சாக.

மாதலேன்: அப்ப அந்த வரிய அடிச்சிடுங்க.

கரியமாணிக்கம்: அடிச்சிட்டு? மைக்குல யாரோ பேசுனாகன்னு சொல்லவா? எவன் கையெழுத்துப் போடுவான்?

மாதலேன்: ‘இஞ்ச’ங்கறது எங்க காரைக்கால் பேச்சு சார்.

கரியமாணிக்கம்: தெரியும். ‘பப்பா’வும் பிரெஞ்சுக்காரன் காலத்துல சைகோனுக்கு வந்த ஒங்க ஆளுக சொல்றதுதேன். நா முன்னாடியே கெளம்பி வந்தது ஒங்களைப் பாக்கத்தேன். எழுபத்தொன்பதுல கம்யூனிஸ்ட் ஆட்சிக்குப் பயந்து படகுல நாட்டை விட்டுத் தப்பிக்கப் பாத்து, முடியாம திரும்பின குடும்பம்னு ஒங்க டீன் சொன்னாரு... ஒங்களுக்குத் தங்கச்சி யாராச்சும்...

மாதலேன்: நான் ஒரே பொண்ணு.

கரியமாணிக்கம்: அப்ப...

மாதலேன்: நீங்க மைக் வச்சிருக்கிற அதே ஆத்து வளைவுதான். அம்மாவும் நானும் படகுல ஏறிட்டோம். பப்பா கயித்தை அவுக்கக் கரையில நின்னாரு. அவரு காலடியில மண்ணு பொளக்குது... எனக்கு மட்டும்தான் தெரிஞ்சுது. அவரோட நான் தமிழ்லதான் பேசுவேன்.

கரியமாணிக்கம்: அன்னிக்கு நீங்க கத்துனதுதேன்... இத்தன வருசமா ஆத்துக்குள்ள...

மாதலேன்: இல்ல சார். ரோந்துப் படகு பக்கத்துல நின்னுச்சு. அம்மா என் வாயைப் பொத்திட்டாங்க. கரையோட பப்பாவும் போயிட்டாரு. நான் கத்தவே இல்ல.