திம்மப்பனின் தலைக்கட்டு

உட்காருங்கள், இன்ஸ்பெக்டர். அந்த நாற்காலி வேண்டாம். படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்களுக்கு அது. ஒரு கால் ஆடும். விழுந்துவிடுவோமோ என்ற பயத்திலேயே அசையாமல் இருப்பார்கள்.

ஓசூரில் முகத்தைப் படம் பிடிக்க ஆள் உண்டு. காகிதத்தைப் படம் பிடிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால்தான் பாகலூர் திம்மப்பன் உயில் வழக்கில் கோர்ட்டு என்னைக் கூப்பிட்டது. செத்துப்போன திம்மப்பன் நிலத்தையெல்லாம் தம்பி நாராயணப்பனுக்கு எழுதி வைத்ததாக உயில் சொன்னது. அது பொய் என்றாள் திம்மப்பன் மனைவி பூவம்மாள். உயிலில் உள்ள கையெழுத்தையும், ரிஜிஸ்டர் ஆபீசில் அவன் முன்பு போட்ட கையெழுத்தையும் பெரிதாக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொன்னார்கள். நியாயமான ஏற்பாடு. ஒரே ஒரு சங்கடம், உயிலில் கையெழுத்துப் போட்டவனே நான்.

நாராயணப்பன் கெட்டவன் இல்லை. இந்த ஸ்டுடியோ அவன் கட்டடம். "கங்கப்பா, அண்ணன் இருந்தா எனக்குத்தான் குடுத்திருப்பான். செத்தவன் கையெழுத்தா போட முடியும்? நீ போட்டுக் குடு" என்றான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் தவறு தெரிந்தது. தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் எழுத்தின் தலையில்தான் வித்தியாசம். தலைக்கட்டு என்போம். தெலுங்கில் அது வாத்தியார் சரி போட்டதுபோல நிமிர்ந்து நிற்கும்; கன்னடத்தில் படுத்துவிடும். திம்மப்பன் தெலுங்கில் எழுதுகிறவன். நான் மாலூரில் கன்னடம் படித்தவன். உயிலில் மட்டும் திம்மப்பன் கன்னடக்காரனாகிவிட்டான்.

என் எழுத்தைத் திருத்தியிருக்கலாம். மனசு வரவில்லை, நல்ல எழுத்து. அதனால் திம்மப்பன் எழுத்தைத் திருத்தினேன். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். பென்சிலால் தடவினால் படத்தில் வெள்ளை, கத்தியால் சுரண்டினால் கறுப்பு. அவன் தலைக்கட்டுகளைப் பென்சிலால் அழித்து, என்னுடையவற்றைக் கத்தியால் போட்டேன்.

கோர்ட்டில் அசலை யாரும் தொடவில்லை. அத்தனை பெரிய படம் இருக்கும்போது யார் கண்ணைச் சுருக்குவார்கள்? நீதிபதி உயில் படத்தைக் காட்டியதும், "இது அவர் எழுத்து இல்லீங்க சாமி" என்றாள் பூவம்மாள். மற்றதைக் காட்டினார். "அது அவர்துதானுங்க."

"ரெண்டும் ஒண்ணாத்தானேம்மா இருக்குது?" என்றார்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த வருஷம் மாரியம்மன் பண்டிகை வரிக்கு ஊரில் குடும்பங்களை எண்ணினார்கள். அதையும் தலைக்கட்டு என்றுதான் சொல்வோம். நிலமில்லாதவள் என்று பூவம்மாளை விட்டுவிட்டார்கள். இப்போது அதே நிலத்தில் கூலிக்குக் களை எடுக்கிறாள். நாராயணப்பன்தான் வேலை கொடுத்திருக்கிறான். கெட்டவன் இல்லை என்று சொன்னேனே.

என்னை ஈவிரக்கம் இல்லாதவன் என்று எழுதிவிடாதீர்கள். வழக்குத் தோற்ற பிறகு அவள் இங்கே வந்தாள். "எங்க ஊட்டுக்காரரு போட்டாவே புடிச்சிக்கலீங்க. அவர்துன்னு நான் சொன்ன அந்தக் கையெழுத்துப் படமாச்சும் குடுங்க, சாமி படத்துக்கிட்ட வெச்சிக்கறேன்" என்று கேட்டாள். கண்ணாடிச் சட்டம் போட்டே கொடுத்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் குங்குமம் வைத்து, பூப்போட்டுக் கும்பிடுகிறாள்.

எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன், இன்ஸ்பெக்டர். ஆனால் அந்தப் படத்தில் இருக்கும் தலைக்கட்டு என்னுடையது என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். பாவம், மனசு ஒடிந்துபோவாள்.