சிலுவை கீறிய மொச்சை

ஹாமோ: அவிஸ், கதவச் சாத்து...

அவிஸ்: கூடம் நிறைய விருந்தாளி. பிரபுவுக்கு உக்கிராணத்துல என்ன வேலை? அது என்ன, கன்னம் வீங்கியிருக்கு?

ஹாமோ: மொச்சக்கொட்ட. என் கேக்குலதான் இருந்துச்சு.

அவிஸ்: சரியாப் போச்சு.

ஹாமோ: கேக்குல மொச்ச கிடைச்சவன்தான் இன்னிக்கி விருந்து விளையாட்டுக்கு ராஜா. வைக்கோல் கிரீடத்த வச்சு, ஊரே ‘ராஜா வாழ்க’ன்னு கத்தும். எனக்கா வரணும் அது?

அவிஸ்: அதுவும் அரசரோட ஆள் ஃபல்க் எதிர்லயே உக்காந்திருக்கிறப்ப.

ஹாமோ: எங்க பாட்டி ராஜா பொண்ணாப் பொறந்ததுக்கு நான் என்ன பண்ணுவேன்? கேடயத்துல அரசரோட சிங்கச் சின்னம் வரைஞ்சதுக்கே சித்தப்பா மகன் தலை போச்சு. எனக்கு அந்த அரியணையே வேண்டாம். பேரிக்காத் தோட்டம் போதும், நீ போதும்...

அவிஸ்: பேரிக்கா முதல்ல, நான் ரெண்டாவதா?

ஹாமோ: சண்டைக்கு இதுவா நேரம்? முழுங்கிடலாம்னா, ராஜா எங்கன்னு தேடுவாங்க. மறைச்சேன்னு தெரிஞ்சா அது இன்னும் மோசம்... ஏன் கையில கிராம்பு வச்சிருக்க?

அவிஸ்: தேவைப்படும். துப்புங்க முதல்ல... இது நம்ம மொச்ச இல்ல.

ஹாமோ: மொச்சையில என்ன நம்மளுது, அடுத்த வீட்டுது?

அவிஸ்: எங்கம்மா வீட்டு வழக்கம். கத்தியால சிலுவை கீறித்தான் மாவுல போடுவேன். இதுல கீறலே இல்ல.

ஹாமோ: அப்ப யாரோ என் கேக்குத் துண்டுல...

அவிஸ்: பேசாதீங்க, ஆள் வருது.

ஃபல்க்: சீமாட்டி... கொஞ்சம் கிராம்பு கிடைக்குமா? பல்வலி.

அவிஸ்: எந்தப் பக்கம் ஐயா?

ஃபல்க்: இடது... இல்ல, வலது.

அவிஸ்: வாயத் திறங்க, பாக்கறேன்... அட, சிலுவை போட்ட மொச்ச. மன்னருக்கு வணக்கம்.

ஃபல்க்: மெதுவாப் பேசுங்க தாயே. என் எழுத்தர் வெளிய உக்காந்து எல்லாத்தயும் எழுதறான். எனக்குக் கிரீடம் வச்சாங்கன்னு அரசருக்குப் போச்சுன்னா... அவருக்கு வேடிக்கை புரியாது.

ஹாமோ: அது எனக்கும் தெரியும்.

அவிஸ்: இந்தக் கீறாத மொச்ச உங்களுதா?

ஃபல்க்: முதல்ல அந்தக் கதவச் சாத்துங்க.

ஹாமோ: சொல்லுங்க ஃபல்க்.

ஃபல்க்: அரசரோட உத்தரவு, பிரபு. நீங்க கிரீடத்தத் தலையில வச்சுக்கிறீங்களான்னு பாக்கச் சொன்னார். வச்சுக்கிட்டா... வாசல்ல குதிர நிக்குது. லண்டன் சிறைக்கு.

ஹாமோ: நான்தான் வச்சுக்காம ஓடி வந்துட்டேனே.

ஃபல்க்: நானும் ஓடித்தானே வந்திருக்கேன்.

அவிஸ்: ரெண்டு பேர் மொச்சயயும் இப்படிக் குடுங்க. நம்ம நாய் டால்பட் எங்க? வாடா செல்லம், இந்தா.

ஹாமோ: ரெண்டையும் தின்னுட்டானா?

அவிஸ்: வாலயும் ஆட்டறாரு, புது ராஜா.

ஃபல்க்: நாய்க் காதுல கிரீடம் நிக்குமா?

ஹாமோ: நாடா போட்டுக் கட்டுவோம். வாங்க, ரெண்டு பேரும் முதல் ஆளா நின்னு ‘ராஜா வாழ்க’ன்னு கத்துவோம். உங்க எழுத்தர் அத எழுதட்டும்.

ஃபல்க்: நல்லாத்தான் எழுதுவான்... ஆனா சீமாட்டி, ஒண்ணு புரியல. அத்தன தட்டு இருக்க, உங்க சிலுவை மொச்ச என் துண்டுக்கு எப்படி வந்துச்சு?

அவிஸ்: கேக்கு வச்சப்ப உங்க சட்டைக் கை எங்க வீட்டுக்காரர் தட்டுக்குப் போச்சே, அதப் பாத்தேன் ஐயா. விருந்தாளி கொண்டாந்து குடுத்தா, நாங்களும் திருப்பி ஏதாவது வைக்காம அனுப்பறதில்ல.