ஆணி அடித்த ஜன்னல்

லாண்டரியில் என்னை இஸ்திரி அக்கா என்பார்கள். வயது நாற்பத்தாறு. லாண்டரிக்குப் பின்சந்தில் உள்ள மாடி வீட்டில் கணவர், கொழுந்தன் ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். ஹோட்டல் படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கும் அந்த லாண்டரியில் நான் தேய்ப்பு வேலையும், கொழுந்தன் சலவை மெஷின் வேலையும் பார்த்து வருகிறோம். ஜன்னல் கண்ணாடியை உடைத்ததாக மேனேஜர் என் மீது கொடுத்த புகார் இந்தக் காவல் நிலையத்தில் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. உடைத்தது நான்தான். ஏன் உடைத்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

போன மாதம் வறண்ட வெயில் கொளுத்தியபோது நாங்களே விரிப்புகளை நனைத்து, திறந்திருக்கும் இரண்டு ஜன்னல்களிலும் கட்டினோம். காற்று அதில் பட்டுச் சில்லென்று வந்தது. அதை மேனேஜர் தானே கண்டுபிடித்த மாதிரி முதலாளியிடம் சொல்லி நல்ல பெயர் வாங்கிக்கொண்டார். அதன் பிறகு பருவம் தப்பி மழை முன்கூட்டியே வந்துவிட்டது. காற்றெல்லாம் ஈரம். வியர்வை வழிந்ததே தவிரக் காயவில்லை. அப்போதும் விரிப்பை நனைத்துக் கட்டச் சொன்னார். மூச்சு முட்டுகிறது, அவிழ்த்துவிடுகிறோம் என்று நாங்கள் கேட்டதற்கு, சுவரில் இருந்த தெர்மாமீட்டரைக் காட்டி, "போன மாசம் நாப்பது டிகிரில வேலை பாத்தீங்க. இப்ப முப்பத்தி நாலுதான். இதுக்குப் போய் சீன் போடுறீங்க" என்றார். அவருடைய அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

சம்பவத்தன்று மதியம், வாய் ஓயாமல் எல்லோரையும் கிண்டல் செய்கிற என் கொழுந்தன் பேச்சை நிறுத்திவிட்டார். அதன் பிறகு மடித்த விரிப்பையே பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு என்னைப் பார்த்து, "அண்ணி, நம்ம வீட்டுக்கு எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டார். வாசலில் நின்றால் தெரிகிற வீடு. அப்படியே மெஷின் ஓரமாகச் சரிந்தார். தொட்டால் உடம்பு கொதித்தது. மேனேஜர் வந்து பார்த்து, "சரக்கு போட்டுட்டு வந்திருக்கான், மூஞ்சில தண்ணிய ஊத்துங்க" என்றார். டீயையே அரை டம்ளருக்கு மேல் குடிக்காத மனிதர் என் கொழுந்தன்.

நாங்கள் துண்டு திருடிவிடுவோம் என்று ஆணி அடித்து மூடிய பெரிய ஜன்னல் ஒன்று அங்கே இருக்கிறது. இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி அதன் கண்ணாடியில் எறிந்தேன். அதன் பிறகு ஈர விரிப்புகளைப் பிய்த்துப் போட்டுவிட்டு, கொழுந்தனை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கே டாக்டரம்மா, "வேர்வை காயலன்னா உடம்புச் சூடு வெளிய போகாதும்மா. சூட்டை மட்டும் பாத்தாப் பத்தாது, காத்துல இருக்கிற ஈரத்தையும் சேத்துப் பாக்கணும். முப்பத்தி நாலுலயும் ஆள் செத்துடுவாங்க" என்றார். கொழுந்தன் இதுவரை கண் விழிக்கவில்லை. குடித்துவிட்டு விழுந்தார் என்று புகாரில் இருப்பது பச்சைப் பொய். டாக்டரம்மாவையே கேட்டுக்கொள்ளலாம்.

ஆத்திரத்தில் உடைத்தேன் என்று எழுத வேண்டாம். ஆத்திரம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் காற்றுக்காக உடைத்தேன். இன்று காலை அதே ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டு மறுபடியும் ஆணி அடித்துவிட்டார்களாம். மற்ற இரண்டிலும் ஈர விரிப்பு கட்டியிருக்கிறார்களாம். இதை நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் உள்ளே ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். என்னை அப்புறம் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், முதலில் அங்கே ஆள் அனுப்புங்கள்.

மேலே சொன்னது அத்தனையும் நடந்தது நடந்தபடி. படித்துக் காட்டக் கேட்டு, சரியென்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)