இருநூற்று இருபது விரல்களின் வணக்கம்

ஆரணி
31-5-1986

கமண்டல நதி பட்டு முறுக்கு ஆலையின் மின்பணியாளராக இருபத்தேழு ஆண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் முள்ளிப்பட்டு திரு. தசரதன் அவர்களுக்கு, ஆலைத் தொழிலாளர்கள் அன்போடு வாசித்து அளிக்கும் மடல்.

மின்சாரத்தையே மிரட்டி வைத்த மேலோரே! சுழலும் சக்கரத்துக்கும் சூழ்ந்து நிற்கும் எங்களுக்கும் நடுவே சுவராய் நின்ற செம்மலே! பெல்ட்டுக்கு வலையும் பின்னலுக்குக் கொண்டையும் போட வைத்த பெருந்தகையே! வாயில் வசவும் மனதில் வாஞ்சையும் வைத்து எங்களை வாழவைத்த தசரதன் அண்ணே! வணக்கம். இம்மடலை வாசித்து முடிக்கும்வரை மைக் ஒயரைக் குனிந்து குனிந்து பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்குமாறு முதலில் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். இன்று ஒருநாள் அதை வேறு யாராவது பார்க்கட்டும்.

எங்கள் ஆலையில் ஒரே ஒரு பெரிய மோட்டார். அது ஒரு நீண்ட இரும்பு ஷாப்டைச் சுற்ற, அந்த ஷாப்டு பெல்ட்டுகளால் பன்னிரண்டு முறுக்கு இயந்திரங்களைச் சுற்ற, அவற்றில் நாங்கள் முறுக்கிக் கொடுத்த பட்டு இழை எத்தனை எத்தனை கல்யாணங்களில் மணப்பெண்களின் தோளில் மின்னியிருக்கிறது! அந்த மினுமினுப்பை மெச்சியவர்கள் பலர். அதற்குப் பின்னால் ஓடும் பெல்ட்டு ஒரு முந்தானையைப் பிடித்தால் ஆளையே இழுத்துவிடும் என்று ஓயாமல் நினைத்துக்கொண்டிருந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டவர்கள் உங்களிடம் வாங்கிய திட்டில் காது காய்ந்ததே தவிர, கையில் ஒரு கொப்புளமும் வந்ததில்லை. ஸ்டார்ட்டர் பெட்டிக்கு முன்னால் மரப்பலகை போட்டு, அதன்மேல் நிற்காமல் பெட்டியைத் தொடுபவரை ஆலைக்குள் சேர்க்கவே மாட்டீர்கள். ஆயுத பூஜையன்று நம் சூப்பர்வைசர் பச்சையப்பன் பக்தி மேலிட்டு ஷாப்டுக்கே சாமந்தி மாலை சாத்தி, சுவிட்ச் போர்டில் மஞ்சள் தண்ணீர் தெளிக்கப் போனபோது நீங்கள் போட்ட சத்தம் இன்னும் எங்கள் காதில் இருக்கிறது. "சாமிக்குப் போடுய்யா மாலைய! ஷாப்டுக்குப் போட்டா நாளைக்கு உனக்குப் போட வேண்டி வரும்!" அன்றிலிருந்து எங்கள் ஆலையில் மோட்டாருக்குப் பூஜை மூன்றடி தள்ளித்தான் நடக்கிறது. சாமியும் கோபித்துக்கொள்ளவில்லை.

மாலையில் சங்கு ஊதியதும் வாசலை மறித்து நிற்பீர்கள். "பத்தும் இருக்குதா? காட்டு பாக்கலாம்" என்று ஒவ்வொருவர் கையையும் நீட்டச் சொல்லி, விரல்களை எண்ணிய பிறகே வீட்டுக்கு விடுவீர்கள். முதல் மாதம் சிரித்தோம். அடுத்த மாதம் சலித்துக்கொண்டோம். பிறகு கையை நீட்டாமல் வீட்டுக்குப் போனால் எதையோ மறந்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

இனி வருவது, இம்மடலை எழுதும் ரங்கம்மாளின் சொந்தப் பேச்சு. இதை மட்டும் "நான்" என்று எழுதிக்கொள்ள மற்றவர்கள் அனுமதி தந்தார்கள்.

1975-ஆம் ஆண்டில் கரண்ட் ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை போகும். போனதும் ஸ்டார்ட்டர் கைப்பிடி தானாகக் கீழே விழுந்துவிடும். கரண்ட் வந்ததும் நீங்கள் பன்னிரண்டு இயந்திரங்களையும் சுற்றிப் பார்த்து, எல்லாரும் விலகி நிற்கிறார்களா என்று கேட்டு, பிறகே கைப்பிடியைத் தூக்கி மோட்டாரை ஓடவிடுவீர்கள். அந்தக் காத்திருப்பு எங்களுக்குப் பேஜாராக இருந்தது. ஒருநாள் யாரோ கழிவுப் பட்டு நூலை முறுக்கி, கைப்பிடி விழாதபடி கட்டிவிட்டார்கள். அன்றும் கரண்ட் போனது. சாவித்திரி பெல்ட்டின் காப்பு வலையைக் கழற்றி, ஷாப்டில் சுற்றிய இழையை எடுக்க வலது கையை உள்ளே விட்டாள். கரண்ட் திரும்பியது. மோட்டார் யாரையும் கேட்காமல் ஓடத் தொடங்கியது. நீங்கள் பாய்ந்து அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தீர்கள். அவள் கை வந்தது. உங்கள் இடது மோதிர விரலில் பாதி வரவில்லை.

கட்டியது யார் என்று முதலாளி கேட்டார். "நான்தாங்க பாக்காம உட்டுட்டேன்" என்றீர்கள். அண்ணே, கட்டியது நான். பதினோரு வருடமாக மாலைதோறும் உங்கள் முன்னால் பத்து விரலை நீட்டி, உங்கள் கையைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு போனவள் நான். நேற்று எல்லாரிடமும் சொல்லி அழுதேன். "அந்த முடிச்சு உன்னுதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும், போடி" என்றாள் சாவித்திரி. அறுந்த இழையை முடிச்சிட்டுப் பிணைக்கும் எங்களிடையே ஒவ்வொருத்தி முடிச்சும் தனி. அப்படியானால் அதை அறுத்து எடுத்த உங்களுக்கும் தெரிந்துதான் இருக்கும். மன்னித்துவிட்டீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். கேட்காமல் விட்டால் என் மனம் ஆறாது. ஆகவே எல்லார் முன்னாலும் கேட்கிறேன்.

அதற்குப் பிறகு கரண்ட் போனால் போதும், மூன்று ப்யூஸ் கட்டைகளையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வீர்கள். ஒருமுறை அப்படியே கண்ணமங்கலத்தில் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போய்விட்டீர்கள்! கரண்ட் வந்தும் ஆலை சும்மா கிடக்க, பச்சையப்பன் பஸ் பிடித்துப் போய்ப் பந்தியில் உங்களைக் கண்டுபிடித்தார். நீங்கள் பாயசத்தை விடாமல் சொன்னீர்களாம்: "ப்யூஸ் என்கிட்ட இருந்துகினு இருந்தா, விரல் அவங்ககிட்ட இருக்கும். இன்னா ஜல்தி? உக்காந்து சாப்புடு." அவரும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார்.

அண்ணே, தாங்கள் நோயின்றி, நொடியின்றி, பேரப்பிள்ளைகளின் விரல்களையும் எண்ணிக்கொண்டு நீண்ட நாள் நிறைவாக வாழ வேண்டும். ப்யூஸ் கட்டைகளை இன்றாவது பையிலிருந்து எடுத்துப் பச்சையப்பனிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இந்த மடலைச் சட்டம் போட்டு, சுவரில் ஒயர் போகாத இடமாகப் பார்த்து மாட்ட வேண்டும்.

மாலைச் சங்கு ஊதிவிட்டது. வழக்கம்போல நாங்கள் இருபத்திரண்டு பேரும் இப்போது உங்கள் முன்னால் கைகளை நீட்டுகிறோம். இருநூற்று இருபது விரல்கள். நிதானமாக எண்ணுங்கள் அண்ணே. எல்லாம் இருக்குது.

இங்ஙனம்,
தங்களால் முழுதாய் இருக்கும் கைகளால் ஒப்பமிடும்
ஆலைத் தொழிலாளர்கள்

முதல் கையெழுத்து: சாவித்திரி, வலது கையால்.